சிசு வஸ்திரத் தீர்மானம்

பாரத தேசம் எந்த இடத்திலிருந்து விழித்தெழுந்தது என்பதில் பண்டிதர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. நாவிலிருந்து என்பார் சிலர், பேனாவிலிருந்து என்பார் சிலர். எல்லோருமே சற்று மேலே தேடிவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம், ஆடி மாதத்து அடைமழையில், கல்கத்தா பவானிபூரில், மூன்று மாதக் குழந்தை ஒன்றின் இடுப்புக்குக் கீழேதான் அந்த மகத்தான விழிப்பு நேர்ந்தது. அதற்குக் காரணமான 'தக்ஷிண தேசத்தார் ஹித சபை'யின் தியாகத்தை இதுவரை ஒருவரும் பாடவில்லை. பாட்டுச் சத்தம் துரை காதில் விழுந்துவிடும் என்று சபையாரே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

சபைக்குக் காரியதரிசி வைத்தீஸ்வரன். இருபத்தெட்டு வயது, சர்க்கார் கணக்காபீஸ் ஒன்றில் குமாஸ்தா. சபைக்கு அக்ராசனாதிபதி ஸ்ரீனிவாசராகவன். அவர் அதே ஆபீஸில் வைத்தீஸ்வரனுக்கு மேலே சூப்பரிண்டெண்ட். அங்கத்தினர்கள் மொத்தம் ஆறு பேர், ஆறு பேரும் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சர்க்கார் உப்பைத் தின்பவர்கள். ஞாயிறுதோறும் பாலிகஞ்சில் அக்ராசனாதிபதி வீட்டுக் கூடத்தில் சபை கூடும். சபையின் நோக்கங்கள் பத்து ஷரத்துகளாக அச்சடிக்கப்பட்டிருந்தன. நடைமுறையில் பதினோராவதான காபிதான் நிறைவேறி வந்தது.

வங்காளம் முழுக்கச் சுதேசி, சுதேசி என்று கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் டிராமில் இரண்டு காலேஜ் பையன்கள் வைத்தீஸ்வரனின் வேஷ்டியை உற்றுப் பார்த்தார்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கும் சீமை மல்.

"தாதா, இந்தக் காபோட் எங்கேயிருந்து வந்தது?" என்று வங்காளியில் 'அண்ணா' போட்டு, துணியைச் சுட்டிக் கேட்டான் ஒருவன்.

"வண்ணான் வீட்டிலிருந்து" என்றான் வைத்தீஸ்வரன்.

டிராமே சிரித்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவனும் தேசத்தை நேசிக்கத்தான் செய்தான். ஆனால் கிளர்ச்சியில் சேரும் உத்தியோகஸ்தனுக்குச் சீட்டுக் கிழியும் என்று ஆபீஸில் சர்க்குலர் சுற்றியிருந்தது. படித்து ஒப்புக்கொண்டதாக அதில் முதல் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சபை முன் வைத்தான்.

"நாம தேசபக்தாளா, இல்லியா? ஊரே கேக்கறது ஸார்."

"பக்தாள்தான், சந்தேகம் என்ன?" என்றார் அக்ராசனாதிபதி. "ஆனா துரை கண்ணுல படாத இடத்துல பக்தி பண்ணணும். எல்லாரும் யோசியுங்கோ. துரை கண்ணுல படாத வஸ்திரம் எது?"

"பூணூல்?" என்றார் சுந்தரேசன். சர்க்கார் தபால் இன்ஷூரன்ஸ் பிரிவில் கணக்குப் போடுகிறவர்.

"அது நூல்தானே ஓய், வஸ்திரமா? தவிர, அது ஆதியிலிருந்தே சுதேசி."

"அப்போ கௌபீனம்?"

"கௌபீனமா!" என்று ஆறு பேரும் ஏககாலத்தில் நாற்காலியில் நெளிந்தார்கள். "சுதேசித் துணி சொரசொரன்னு சணல்கோணி மாதிரின்னா இருக்கும்? நம்ம உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

இன்னொரு சுற்றுக் காபி ஆயிற்று. பிறகு அக்ராசனாதிபதியின் முகத்தில் ஒரு தேஜஸ் உண்டாயிற்று. "கொழந்தைகளோட அரைத்துணி!" என்றார். "எந்த துரையும் அவுத்துப் பாக்கமாட்டான்."

இவ்வாறாகத்தான் 'சிசு வஸ்திரத் தீர்மானம்' பிறந்தது. வீட்டுப் பெண்கள் அந்தப் பொருளை அரைத்துணி என்பார்கள், கோபம் வந்தால் அதைவிடப் பச்சையாகச் சொல்வார்கள். சபைக் குறிப்பில் 'சிசு வஸ்திரம்' என்றே எழுதப்பட்டது. 'நமது மாதாவின் விலங்கைத் தகர்க்கும் பொருட்டு, சபையாரின் குடும்பங்களைச் சேர்ந்த சிசுக்கள் இன்று முதல் அந்நிய வஸ்திரத்தை அறவே துறப்பதென ஏகமனதாக நிச்சயிக்கப்பட்டது.' சிசுக்கள் யாரும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை என்பதும் குறிப்பில் உண்டு.

சிவராமகிருஷ்ணன் என்ற அங்கத்தினர் சாஸ்திரம் அறிந்தவர். அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அரைத்துணியின் மேல் ஈரம் வெளியே வராமலிருக்க ஓர் உறை போடுகிறார்கள் அல்லவா, அந்த மேலுறை பட்டாக இருக்கவேண்டும். பட்டுக்கு விழுப்புக் கிடையாது, தீட்டு ஒட்டாது. ஆகவே உள்ளே என்ன நடந்திருந்தாலும் சாஸ்திரப்படி குழந்தை மடி. மடியாக இருக்கும் ஆண்களும் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். இந்தத் திருத்தம் கரகோஷத்துடன் ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஒருவரும் தூக்கவில்லை என்பது வேறு விஷயம். பட்டு யாருடையது என்ற கேள்விக்கு, 'வீட்டுப் பெண்கள் மனமுவந்து' என்று மூன்று வார்த்தை சேர்த்தார்கள்.

மறுநாளே 'அந்நிய வஸ்திர தகனம்' நடந்தது. ஆறு வீட்டிலும் கொடியில் கிடந்த பழைய அரைத்துணிகளை மூட்டை கட்டி, அக்ராசனாதிபதி வீட்டுக் கொல்லையில், வாசற்கதவைத் தாளிட்டுக்கொண்டு கொளுத்தினார்கள். பாதித் துணி ஈரம். எரிய மறுத்துப் புகைந்தது. அந்தப் புகையின் வாசனையில் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டி, யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார்கள். சீமை வேஷ்டி உடுத்திய ஆறு பேர் கண்ணில் நீர் வழிய நின்றதைப் பார்த்து, நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது என்று அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வைத்தீஸ்வரன் சபைப் பணத்தில் சுதேசிக் கடையிலிருந்து ஒரு தான் துணி, முழுச் சுருளாக, வாங்கி வந்து மனைவி நாகலக்ஷ்மியின் முன் வைத்தான். அவள் மடியில் மீனாக்ஷி இருந்தாள். மூன்று மாதம்.

"என்னன்னா இது, தலகாணிக்கு உறையா?"

"கொழந்தைக்கு. தேசத்துக்காக."

நாகலக்ஷ்மி துணியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். அதில் ஒரு பரவசம் இருந்தது. இதுவரை தன்னைப் பார்த்தோ குழந்தையைப் பார்த்தோ அந்தப் பரவசம் வந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றிற்று. நாலு தண்ணீர் அலசினாள், சோற்றுக் கஞ்சி முறுக்கெல்லாம் போகப் பிழிந்தாள், பிறகு உட்கார்ந்து தைத்தாள். ஒன்றரை முழச் சதுரம், நாலு மடிப்பு. ஓரத்தைச் சுருட்டித் தைக்கும்போது தையல் வெளிப்பக்கம் வரவேண்டும், உள்ளே வந்தால் தொடையில் தழும்பு விழும். பொத்தான் கூடாது, பிய்ந்தால் வாய்க்குள் போய்விடும், நாடாதான். கல்யாணத்து அரக்குப் பட்டின் தலைப்பை வெட்டி நாலு மேலுறை தைத்து, தொடைப்பக்கம் சுருக்கு நாடா கோத்தாள். பட்டை வெட்டும்போது அவளுக்குக் கண் கலங்கியது. தைத்த ஊசி சீமையிலிருந்து வந்தது. அதைப் பற்றித் தீர்மானம் ஏதும் இல்லாததால் ஊசி தப்பித்தது.

மூன்றாம் நாள் மீனாக்ஷியின் தொடையிடுக்கு சிவந்தது. ஐந்தாம் நாள் தோல் உரிந்தது. அரைத்துணியை மாற்றும் ஒவ்வொரு தடவையும் குழந்தை உடம்பை வில்லாய் வளைத்துக்கொண்டு அலறியது. மழையில் அந்த முரட்டுத் துணி காயவும் மாட்டேனென்றது. நாகலக்ஷ்மி அதைக் கரியடுப்பின் மேல் பிடித்துப் பிடித்து உலர்த்தினாள். தேங்காயெண்ணெய் தடவினாள். தானும் சேர்ந்து அழுதாள்.

அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளி மன்னி, ஹேமாங்கினி பௌதி, வந்தாள். துணியைத் தொட்டதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"ஓ மா! நோதுன் காபோட்! பச்சைக் குழந்தைக்கா புதுத்துணி கட்டுவார்கள்? உங்கள் தேசத்தில் அப்படியா?" என்று பாதி வங்காளியிலும் பாதி ஜாடையிலும் கேட்டாள். பிறகு வீட்டுக்குப் போய், நைந்த வெள்ளைப் புடவைகளை அடுக்கித் தைத்த காந்தா விரிப்பு இரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். மீனாக்ஷி அதில் ஒரு மணி நேரம் தூங்கினாள். அது எந்த ஊர்த் துணி என்று நாகலக்ஷ்மி கேட்கவில்லை.

ஆனால் பௌதி கேட்ட கேள்வி அவள் மனத்தில் தைத்துவிட்டது. சாயந்திரம் வைத்தீஸ்வரன் ஆபீஸிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, உங்காத்துலயும் எங்காத்துலயும் ஆண்டு நிறைவு வரைக்கும் கொழந்தைக்குப் புதுத்துணி ஆகாதுன்னு வழக்கம் உண்டா, இல்லியா? பெரியவா உடுத்திக் கிழிஞ்ச பழந்துணிதானே போடணும்?"

"உண்டு..."

"அப்போ உங்க சபை வழக்கத்தையும் சேர்த்துக் கொளுத்திடுத்தா?"

வைத்தீஸ்வரன் குனிந்து அரைத்துணியை விலக்கினான். குழந்தையின் புண்ணைப் பார்த்தான். நியாயமாக அந்த நிமிஷமே துணியைத் தூக்கி எறிந்திருக்கவேண்டும். அவன் காரியதரிசி அல்லவா? ஆட்சேபணையைக் குறிப்பில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபை அந்தச் சிக்கலை ஆழ்ந்த கவலையுடன் பரிசீலித்தது. வழக்கப்படி துணி பழசாக இருக்கவேண்டும். தீர்மானப்படி சுதேசியாக இருக்கவேண்டும். வீட்டிலிருக்கும் பழசெல்லாம் சீமை, சுதேசியெல்லாம் புதுசு.

"பொம்மனாட்டிகள் புடவை நம்மூர்த் தறித்துணிதானே? அதைக் கிழிக்கலாமே" என்றார் சுந்தரேசன்.

"எல்லாம் சாயப்புடவை ஸ்வாமி. ஈரம் பட்டா சாயம் இறங்கறது. என் கொழந்தை ஒரு நாள் முழுக்கக் கத்திரிக்கா நிறத்துல இருந்தா" என்றார் இன்னொரு அங்கத்தினர்.

"சுதேசியையே பத்துத் தடவை தோய்ச்சுப் பழசாக்கினா?"

"தோய்ச்சா வெளுக்கும், பழசாகாது" என்றார் சிவராமகிருஷ்ணன். "வழக்கத்தோட தாத்பர்யம் என்ன? பெரியவா உடுத்தியிருக்கணும். அவா ஆயுசும் ஆசீர்வாதமும் துணியில இறங்கணும். யாராவது ஒரு பெரியவர் அதை உடுத்திப் பழசாக்கினால்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் தாம் எங்கே போய் முட்டிக்கொண்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆறு பேரும் அவரவர் வேஷ்டியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் நாளைக்கே உடுத்திப்பேன்" என்றார் அக்ராசனாதிபதி. "ஆனா நான் துரை ரூமுக்கே போறவன். அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு பேச்சு நடக்கறது."

"எனக்குத் தோல் வாகு மென்மை" என்றார் சுந்தரேசன்.

"பஞ்சகச்சத்துக்கு அந்தத் துணி படியாது" என்றார் சிவராமகிருஷ்ணன். இதற்கும் சாஸ்திரப் பிரமாணம் இருப்பதாகச் சொன்னார். இன்னது என்று சொல்லவில்லை.

கடைசியில் கூழுக்கும் மீசைக்கும் பங்கமில்லாத ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. ஞாயிறுகளில் மட்டும், ஸ்நானம் ஆனபின் சாப்பாடுவரை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, யாராவது ஒருவர் சுதேசி வேஷ்டி உடுத்திப் பழசாக்குவது. சுந்தரேசன் உடனே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்த வேகத்தில் துணி குழந்தைக்கு ஏற்றபடி மிருதுவாக ஏழு வருஷம் நாலு மாதம் ஆகும்.

"அதுக்குள்ள மீனாக்ஷி பாவாடை கட்டிண்டு பள்ளிக்கூடம் போயிடுவாளே ஸார்!" என்றான் வைத்தீஸ்வரன்.

"தேச காரியம்னா பொறுமை வேணும் வைத்தி. அதுவரைக்கும் இப்ப இருக்கறதையே கட்டுங்கோ. அந்த 'யாராவது ஒருவர்' காரியதரிசின்னு போட்டுக்கோ" என்றார் அக்ராசனாதிபதி.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டும் அந்தத் தீர்மானத்தைத் தன் கையாலேயே குறிப்பில் எழுதிக்கொண்டு வைத்தீஸ்வரன் வீடு திரும்பினான். அன்றைக்கே சோதனை தொடங்கிற்று. ஜன்னலைச் சாத்தினான், தானிலிருந்து கிழித்த சுதேசி வேஷ்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டினான், கூடத்தில் மேலும் கீழும் உலாவினான். முதல் மணி நேரம் தேசபக்தியில் போயிற்று. அடுத்த மணி நேரம் அரிப்பில் போயிற்று. மூன்றாவது மணி நேரம் கால்களை அகட்டி வைத்து நடந்து நாகலக்ஷ்மியிடம் வந்தான்.

"அந்தத் தேங்காயெண்ணெயைக் கொஞ்சம் கொடேன்."

"எதுக்கு?"

"எனக்கு."

நாகலக்ஷ்மி கிண்ணத்தை நீட்டினாள். "மூணு மணி நேரத்துக்கு எண்ணெய் கேக்கறேள். அவ ஒரு வாரமாக் கட்டிண்டிருக்கா. வாயைத் திறந்து சொல்லத் தெரியலை, அழறா. அதை நீங்க சம்மதம்னு எழுதிண்டுட்டேள்."

வைத்தீஸ்வரன் எண்ணெய்க் கிண்ணத்துடன் நின்றான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அப்படியும், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் கொண்டுவரலாம் என்றுதான் நினைத்தான்.

நாகலக்ஷ்மி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவன் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தபோது பெட்டி காலி. ஆபீஸுக்கு உடுத்தும் நாலு சீமை மல் வேஷ்டிகளும் இருபத்துநாலு அரைத்துணிகளாகக் கூடத்துக் கொடியில் தொங்கின. விடிய விடிய விளக்கடியில் உட்கார்ந்து தைத்தவை, ஓரமெல்லாம் சுருட்டி, தையல் வெளிப்பக்கமாக, நாடாவோடு. ஐந்து வருஷம் வண்ணான் கல்லில் அடிபட்டுப் பூப்போல ஆகிவிட்ட துணி. தூளியில் மீனாக்ஷி, வலது கையைக் கன்னத்தடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! நான் ஆபீஸுக்கு எதைக் கட்டிண்டு போவேன்?"

"அதோ இருக்கே, சுதேசி. பெரியவா உடுத்தினாத்தானே பழசாகும்? உடுத்துங்கோ. மெதுவாப் பேசுங்கோ, கொழந்தை முழிச்சுக்கப்போறா."

தூளியைப் பார்த்தான். சுதேசியைக் கட்டினான், கோட்டை மாட்டினான், தலைப்பாகையை வைத்தான், குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு டிராம் ஏறினான்.

டிராமில் அதே காலேஜ் பையன்கள் இருந்தார்கள். வேஷ்டியைப் பார்த்தார்கள். எழுந்து நின்று ஜே போட்டார்கள். ஒருவன் தன் இடத்தை விட்டுக்கொடுத்தான். உட்காரும் நிலையில் இல்லாத வைத்தீஸ்வரன் கும்பிட்டு மறுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தான். அந்தப் பணிவைக் கண்டு அவர்கள் இன்னொரு ஜே போட்டார்கள்.

பதினோரு மணிக்குத் துரை அறைக்கு ஃபைல் கொண்டுபோகவேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே கோட்டின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். வேலை போயிற்று, வீடு போயிற்று, மூன்று நாள் ரயிலில் கும்பகோணம் திரும்பவேண்டியதுதான் என்று தீர்மானித்துக்கொண்டு உள்ளே போனான். துரை கையை நீட்டி ஃபைலை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், திருப்பி நீட்டினார். தலையைத் தூக்கவே இல்லை. அந்த அறைக்கு வந்து போன ஆறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் வைத்தீஸ்வரனுக்கு நினைவு வந்தது.

பார்த்தவர் வேறொருவர். பன்னிரண்டு மணிக்கு அவன் மேஜைக்கு ஒரு மெமோ வந்தது.

'மேற்படி குமாஸ்தா இன்று காலை இடுப்புக்குக் கீழே ராஜவிசுவாசத்துக்குக் களங்கம் விளைவிக்கத்தக்க விதத்தில் ஆஜரானதற்கு உடனே சமாதானம் எழுதித் தரவேண்டியது. இப்படிக்கு, ஸ்ரீனிவாசராகவன், சூப்பரிண்டெண்ட்.'

சமாதானம் எழுதித் தந்தான். ஏற்கப்படவில்லை. புதன்கிழமை அவனைக் கீழ்த்தளத்துப் பழைய ரிகார்டு அறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. அதிலும் துரை தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். வியாழக்கிழமை சபையிலிருந்து ஒரு நோட்டீஸ். வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வரவேண்டும், சபைக்குச் சொந்தமான மிச்சச் சுதேசித் துணியையும் கொண்டுவரவேண்டும்.

நாகலக்ஷ்மி நோட்டீஸை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு தானிலிருந்த மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு நாள் அடுப்படி நேரம் போகத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மூட்டையைக் கட்டிக் கணவன் கையில் கொடுத்து, சொல்லவேண்டியதையும் சொல்லியனுப்பினாள். ரிகார்டு அறைக்குப் போனபின் வைத்தீஸ்வரனுக்கு ஒரு சௌகரியம் ஏற்பட்டிருந்தது. இதற்குக் கீழே இறக்க அந்த ஆபீஸில் தளம் இல்லை.

சபை முழு கௌரவத்துடன் கூடியிருந்தது. காரியதரிசியை நீக்கி இரண்டு தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. முதலாவது: தன் சிசுவுக்கு அந்நிய வஸ்திரம் அணிவித்து மாதாவுக்குத் துரோகம் செய்ததற்காக. இரண்டாவது: தான் சுதேசி வஸ்திரம் அணிந்து ஆபீஸுக்குச் சென்று சபையின் க்ஷேமத்துக்குப் பங்கம் விளைவித்ததற்காக. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. இரண்டுக்கும் கையைத் தூக்கிய ஐந்து பேரும் வெள்ளை வெளேரென்று சீமை மல்லில் ஜொலித்தார்கள்.

"சபைத் துணி எங்கே?" என்றார் அக்ராசனாதிபதி.

வைத்தீஸ்வரன் மூட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தான். நன்றாகத் தோய்த்து, மடித்து, நாடா கோத்த அரைத்துணிகள் ஐந்து. ஐந்துக்கும் மேலுறை உண்டு. சுந்தரேசன் ஒன்றை விரித்துப் பார்த்தார். விரிந்துகொண்டே போயிற்று.

"என்ன ஓய் இது, எந்தக் கொழந்தைக்கு? மூணு முழம் இருக்கே!"

"கொழந்தைகளுக்கு இல்லே. சபை அங்கத்தினர்களுக்கு, ஆளுக்கு ஒண்ணு" என்றான் வைத்தீஸ்வரன். "என் ஆம்படையா சொல்லியனுப்பினா. கொழந்தைகளுக்கு ரெண்டு வயசானா துணியை நனைக்கற பழக்கம் தானா நின்னுடுமாம். சபையாருக்கு, துரை கப்பலேறிப் போற வரைக்கும் தேவைப்படுமாம்."